தலைவரம்மா பேசுகிறார்

ஜூன் 6, வெள்ளி

எங்கள் வீட்டில் ஒரு மயில், ஒரு குயில், ஒரு காக்கா. அப்பா பெயர் மயில்வாகனம். அம்மா பெயர் கோகிலவாணி. காக்கா யாரென்று தெரியவேண்டுமானால் பிளஸ் ஒன் பி செக்‌ஷன் வாசலில் நின்று "கனிஷ்கா" என்று கூப்பிடவும். தமிழ் மிஸ் குரலில் பதில் வந்தாலும் அது நான்தான்.

நாளைக்கு அம்மா மலேசியா போகிறாள். பினாங்கில் தமிழ் உள்ளாட்சித் தலைவர்கள் மாநாடு. இங்கிருந்து பதினான்கு பேர் போகிறார்கள், அதில் ஐந்து பேர் பெண்கள். கருக்கம்பாளையம் பேரூராட்சியின் தலைவர் என்பதால் அம்மாவுக்கும் அழைப்பு. அப்பாவும் சொந்தச் செலவில் கூடவே போவதாக இருந்தார். கடைசி நேரத்தில் பீரோவைக் குடைந்து பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தால், அது காலாவதியாகி வருஷமாகிவிட்டது. மயில் தரையிலேயே நின்றுவிட்டது. குயில் மட்டும் பறக்கிறது.

இந்த டைரியைத் திருடிப் படிக்கும் நல்லவர்களுக்கு ஒரு முன்கதை. போன தேர்தலில் எங்கள் பேரூராட்சியைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். அப்பா அம்மாவை நிறுத்தினார். அம்மா ஜெயித்தாள். அப்பா தலைவரானார். ஆபீசில் டர்க்கி டவல் போர்த்திய பெரிய நாற்காலியில் அப்பா உட்காருவார். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா. ஊரே நம்பர் வைத்திருக்கும் 'தலைவர் போன்' இருப்பது அப்பாவின் சட்டைப் பையில். யாராவது "தலைவரம்மாகிட்டயே பேசோணும்" என்று பிடிவாதம் பிடித்தால் அப்பா போனை அம்மாவிடம் கொடுத்து, எதிரில் நின்று சத்தமில்லாமல் வாயசைப்பார். அம்மா அதைச் சத்தம் போட்டுச் சொல்வாள். டப்பிங் படம் தோற்றுவிடும்.

அம்மாவுக்கு அலுப்பாக இருக்கும் நாட்களில் போனை என் பக்கம் தள்ளிவிடுவாள். நான் அவளைப் போலவே லேசாகத் தொண்டையைச் செருமி, "அப்புறமுங்க, சொல்லுங்க" என்று ஆரம்பிப்பேன். அம்மா தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரிப்பாள். இதுவரை ஒரு வார்டுக்காரரும் கண்டுபிடித்ததில்லை.

பெட்டி கட்டும்போது அப்பா சொன்னார். "அங்க மைக்கு குடுத்தாங்கன்னா வணக்கம் சொல்லு, நன்றி சொல்லு. நடுவுல ஒன்னும் வேண்டாம்."

"நடுவுல ஒன்னும் இல்லீன்னா அதுக்குப் பேரு பேச்சில்லீங்ப்பா, உளுந்துவடை."

அம்மா சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். அப்பாவுக்குச் சிரிக்கத் தெரியும். அதையும் எழுதிவைக்க வேண்டும்.

ஜூன் 7, சனி

திருச்சி ஏர்போர்ட். உள்ளே போகும்போது அம்மா ஒரே ஒரு தடவைதான் திரும்பிப் பார்த்தாள். அதுவும் பெட்டியின் சக்கரம் மாட்டிக்கொண்டதால்.

ஜூன் 8, ஞாயிறு

இட்லி மாவு பொங்கி ஃப்ரிட்ஜுக்குள் வழிந்துவிட்டது. துடைத்தேன். அப்பா துவைக்கப்போட்ட வெள்ளை வேட்டிகளுடன் என் சிவப்பு சுடிதாரும் விழுந்துவிட்டது. (விழுந்துவிட்டது என்றுதான் விசாரணையில் சொன்னேன்.) இப்போது கட்சிக் கரை இல்லாமலே எல்லா வேட்டியும் இளஞ்சிவப்பு.

சாயங்காலம் ஒன்பதாவது வார்டிலிருந்து ஒரு அம்மா போன். குழாயில் தண்ணீர் வரவில்லை, தலைவரம்மாவிடம்தான் சொல்வேன் என்று நின்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். போனை வாங்கிச் செருமினேன்.

"அப்புறமுங்க, சொல்லுங்க. மோட்டார் காயில் போயிருச்சுங்க. நாளைக்குக் கட்டி மாட்டிருவோமுங்க. நீங்க வெசனப்படாதீங்."

வைத்ததும் அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அடேங்கப்பா! உங்கம்மா அங்கயே இருந்துக்கலாமாட்ட இருக்குது" என்றார். பரோட்டா வாங்கிவந்தார். மோட்டார் உண்மையிலேயே மறுநாள் சரியாகிவிடும் என்றும் சொன்னார். அப்பா சொன்னால் செய்துவிடுவார். அதனால்தான் ஊரில் யாருக்கும் அந்த நாற்காலி பெரிய விஷயமாகத் தெரிவதில்லை.

ஜூன் 10, செவ்வாய்

என்னத்தை எழுத!

மதியம் லஞ்ச் பெல்லில் பிசிக்ஸ் மிஸ் தன் போனை நீட்டி, "இது உங்கம்மாதான?" என்றார். வீடியோ. பினாங்கு மேடை. ஒன்பது ஆண் தலைவர்களையும் பெயர் சொல்லி அழைத்து மேடையில் உட்காரவைத்துவிட்டார்கள். ஐந்து பெண் தலைவர்களும் மேடை ஓரத்தில் நிற்கிறார்கள். ஆளுக்கொரு தட்டு, தட்டில் பொன்னாடை. நம் ஊர்க் குழுவை அழைத்துப்போன பெரியவர் மைக்கில், "சகோதரிகள் தட்டை ஏந்தி வரிசையாக வருவார்கள், படம் அழகாக இருக்கும்" என்கிறார். அம்மாதான் வரிசையில் முதல். நேராக மைக்குக்குப் போகிறாள். பச்சைப் புடவை. தொண்டையைச் செருமுகிறாள்.

"அய்யா, நானும் தலைவர்தானுங்க. தட்டு புடிக்கறதுக்குன்னு எனக்கு யாரும் ஓட்டுப் போடலீங்க."

கூட்டத்தில் சிரிப்பு. கொஞ்சம் கைதட்டல்.

"இங்க தட்டு. எங்கூர்ல பிளாஸ்டிக் சேருங்க. என்ற சேர்ல என்ற வீட்டுக்காரர் உக்காந்துக்கறாருங்க. எந்திரிங்கன்னு நான் ஒரு நாளும் சொன்னதில்லீங்க. ஊருக்குப் போயிச் சொல்லுவேனுங்க."

தட்டைக் குனிந்து தரையில் வைத்துவிட்டுப் போய்க் காலி நாற்காலி ஒன்றில் உட்காருகிறாள். பின்னால் நின்ற நான்கு பேரும் ஒவ்வொருவராகத் தட்டை வைக்கிறார்கள். ஏர்போர்ட்டில் பார்த்த குமரி மாவட்டத்து ஜெசிந்தா ஆன்ட்டி மட்டும் தரையில் வைக்கவில்லை. மைக் பிடித்த பெரியவரின் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தார்.

பிசிக்ஸ் மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்றைக்கு மட்டும் எனக்கு ரெக்கார்ட் நோட்டில் திட்டு கிடையாது. நடுவில் ஒன்றும் வேண்டாம் என்றார் அப்பா. அம்மா ஓட்டையை அடைத்துவிட்டாள்.

வீட்டுக்கு ஓடிவந்தேன். அப்பா வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுத்தமாக இருந்த பைக்கை.

"பாத்தீங்ளாப்பா?"

"ம்."

இருட்டும் வரை துடைத்தார்.

ஜூன் 11, புதன்

காலையில் டிவிக்காரர்கள் வந்தார்கள். அப்பா புது வேட்டி கட்டிக்கொண்டு பேட்டி கொடுத்தார். "என்ற சம்சாரத்த நெனச்சா எனக்குப் பெருமைங்க. பெண்ணுரிமைங்கறது எங்க வீட்டுலருந்துதான் ஆரம்பிக்குது." நன்றாகப் பேசினார். கேமராக்காரர் அம்மாவின் நாற்காலியைப் படமெடுக்க ஆபீசுக்கு வரலாமா என்று கேட்டபோதுதான் அப்பாவுக்கு இருமல் வந்தது.

அதற்கப்புறம் மாவட்டச் செயலாளர் போன் செய்தார். "சரிங்கண்ணா, சரிங்கண்ணா" என்று அப்பா சொன்னது மட்டும்தான் கேட்டது. போனை வைத்துவிட்டுச் சாப்பாட்டில் உட்கார்ந்து, தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். சோறு அப்படியே இருந்தது.

சாயங்காலம் என் போனுக்கு அம்மா. ஜெசிந்தா ஆன்ட்டியுடன் ஒரே ரூம். டுரியான் பழம் சாப்பிட்டார்களாம், சாக்கடை அடைத்த மாதிரி வாசமாம், ஆனால் ருசியாம்.

"அப்பா கோவமா இருக்கறாரா கண்ணு?"

"பைக்கு மின்னுதுங்ம்மா."

அம்மா சிரித்தாள். அப்புறம் சொன்னாள். "திங்கக்கெழம மன்றக் கூட்டம். நான் என்ற சேர்ல உக்காரப் போறேன். ஸ்கூலுக்கு மட்டம் போட்டாலும் பரவால்ல, நீ வந்து பாக்கோணும். வருவியா?"

வருவேன் என்றேன். அம்மா என்னை மட்டம் போடச் சொன்னது சரித்திரத்தில் முதல் தடவை.

ஜூன் 12, வியாழன்

கேஸ் சிலிண்டர் மாற்றினேன். கெமிஸ்ட்ரி டெஸ்ட் பரவாயில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அப்பா என் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கையில் தலைவர் போன். முகம் கழுவின மாதிரி ஈரமாக இருந்தது. கழுவவில்லை.

"உங்கம்மாவக் கட்சிய விட்டே தூக்கப் போறாங்க கண்ணு. அவ பேசுனது அங்க இருந்தவங்களுக்குப் புரியும். இங்க இருக்கறவனுக்குப் புரியாது. மாவட்டச் செயலாளர்கிட்ட அவ ஒரு வார்த்த தணிஞ்சு பேசிட்டா எல்லாம் முடிஞ்சிரும்."

"அம்மாகிட்டயே சொல்லுங்க."

"அவ இப்ப கேக்கற நெலமையிலயா இருக்கறா? எனக்காக இல்ல சாமி. அவள அந்தப் பதவியில வெச்சுக் காப்பாத்தறதுக்குத்தான்."

என் தலையில் கை வைத்தார். கை சூடாக இருந்தது. அப்பா அழுது நான் பார்த்ததில்லை.

"மாவட்டத்துக்கு மட்டும்தான் அனுப்புவீங்களாப்பா?"

"அவருக்கு மட்டும்தான்."

தலைவர் போனில் வாய்ஸ் மெசேஜ் பதிவாக, அப்பா எதிரில் நின்று சொல்லச் சொல்ல, அம்மா குரலில் சொன்னேன். முதல் தடவை சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாவது தடவை வாசலில் கீரைக்காரர் கத்தினார். மூன்றாவது ஓகே.

"வணக்கமுங்க. கோகிலவாணி பேசறேனுங்க. அப்புறமுங்க, நான் அங்க பேசுனது கூட இருந்தவங்க சொல்லிக் குடுத்ததுங்க. எனக்கு அந்தளவுக்கு வெவரம் பத்தாதுங்க. என்ற வீட்டுக்காரர் இல்லீன்னா நான் இல்லீங்க. யாரு மனசாவது நொந்திருந்தா மன்னிச்சுக்கோங்க."

செருமல் கச்சிதம். 'மன்னிச்சுக்கோங்க'வில் அம்மாவின் இழுவை வந்தது. இந்தக் குரலுக்குப் போட்டி வைத்தால் அம்மாவுக்கு இரண்டாம் பரிசுதான்.

ஜூன் 13, வெள்ளி

அந்த வாய்ஸ் மெசேஜ் எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் வந்திருக்கிறது.

பால்காரர் போனில். பஸ் கண்டக்டர் போனில். ஸ்டாஃப் ரூம் வழியாகப் போனபோது உள்ளே அந்தச் செருமல் கேட்டது. பிசிக்ஸ் மிஸ், "பாவம், மெரட்டியிருப்பாங்க" என்றார். கணக்கு சார், "அதெல்லாம் இல்லீங்க மிஸ், ஃப்ளைட்டு ஏறுனா வீரம் வரும், எறங்குனா போயிரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வேறு ஒரு நாளாக இருந்தால் அந்த ஜோக்கை நான் எழுதிவைத்துக்கொண்டிருப்பேன்.

மதியம் எலுமிச்சை சாதம். காக்காய்க்குப் போட்டேன். நிஜக் காக்காய்க்கு.

அப்பாவிடம் கேட்டேன். "அவருக்கு அனுப்புனேன். அவரு யாருக்கு அனுப்புனாருன்னு எனக்கென்னடி தெரியும்?" என்றார். போனைச் சார்ஜில் போட்டார்.

சாயங்காலம் ஜெசிந்தா ஆன்ட்டி கூப்பிட்டார். "மக்ளே, அம்மை கட்டில்ல இருக்கா. காலைலருந்து ஒரு வார்த்த பேசல்ல. நாங்க சொல்லிக் குடுத்தோமாம்லா? எங்க வீட்டு ஆளு விடிஞ்சதும் அதப் போட்டுக் காட்டிட்டு, இனி மேட நாடகம் வேண்டாம்ங்காரு. மத்த மூணு பேருக்கும் இதே கததான். அங்க யாரு பண்ணுன வேல மக்ளே இது?"

"தெரியலீங்க ஆன்ட்டி."

என் சொந்தக் குரலே எனக்குச் சரியாக வரவில்லை.

போன் கை மாறியது. மூச்சு மட்டும் கேட்டது.

"சாப்ட்டியா கண்ணு?" அம்மா.

"சாப்ட்டேனுங்ம்மா."

அந்தப் பக்கம் அம்மா கட்டிலில் எழுந்து உட்காரும் சத்தம்.

"தொண்ட கட்டியிருக்குது. மெளகுப்பால் வெச்சுக் குடி."

ஜூன் 14, சனி

மிளகுப்பால் வைத்தேன். குடிக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

ஏர்போர்ட்டில் அப்பா ரோஜா மாலையோடு நின்றார். ஊர் எல்லையில் ஃப்ளெக்ஸ். 'பினாங்கில் பெண்மையின் பெருமை காத்த எங்கள் தலைவியே, வருக!' அதில் அம்மா படம் பாஸ்போர்ட் சைஸ். அப்பா ஆளுயரம். மேளம் அடித்தார்கள். அம்மா கும்பிட்டாள். கேமராக்காரர்கள் கேட்ட பக்கமெல்லாம் திரும்பினாள்.

காரில் பஞ்சர் கடைக்காரர் வரைக்கும் கையாட்டிய அப்பா, கண்ணாடியை ஏற்றியதும் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டில் பெட்டியைத் திறந்தாள். அப்பாவுக்குச் சட்டைத்துணி. எனக்கு ஒரு அட்டைப்பெட்டி. பொம்மை மைக். பட்டனை அழுத்தினால் நம் குரல் ஆண் குரலாக, குழந்தைக் குரலாக, ரோபோ குரலாக மாறுமாம்.

"செவ்வாக்கெழம சாயந்தரம் வாங்குனது" என்றாள் அம்மா. "உனக்குப் புடிக்குமேன்னு."

பெட்டியைப் பிரிக்கவில்லை. அலமாரியில், பழைய பாடப்புத்தகங்களுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

அம்மா எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். என்னென்ன பதில் சொல்வது என்று நான் தயாராகத்தான் இருந்தேன். பச்சைப் புடவையைத் துவைத்துக் காயப்போட்டாள். நாளைக்கு அதைத்தான் கட்டப் போகிறாள்.

ஜூன் 16, திங்கள்

வயிற்றுவலி என்று சொல்லி மட்டம் போட்டேன்.

மன்ற அறையின் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். அம்மா முதல் ஆளாக, தனியாக, நடந்தே வந்தாள். பெரிய நாற்காலியின் டர்க்கி டவலை எடுத்து மடித்து மேஜைமேல் வைத்தாள். உட்கார்ந்தாள். கைப்பிடிகளை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்த குழந்தை மாதிரி இருந்தது.

கவுன்சிலர்கள் வந்தார்கள். பார்த்தார்கள். எல்லோருக்கும் திடீரென்று மின்விசிறியில் ஏதோ சந்தேகம் வந்துவிட்டது. அப்பா வந்தார். வாசலில் ஒரு நிமிஷம் நின்றார். அப்புறம் சிரித்த முகமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

அம்மா முதல் தீர்மானத்தைப் படித்தாள். நான்காவது வார்டு சாக்கடையைத் தூர்வாருவது. எதிரில் யாரும் வாயசைக்காமல் அம்மா பேசி நான் இப்போதுதான் கேட்டேன். குரல் இன்னும் கொஞ்சம் கனமாக இருந்தது. எனக்கு வராத ஒரு கனம். சாக்கடையைப் பற்றி யாரும் அவ்வளவு அழகாகப் படித்திருக்க மாட்டார்கள்.

துணைத் தலைவர் வேலுமணி எழுந்தார். போனை மேஜையில் வைத்து அதைப் போட்டார். செருமல். வணக்கமுங்க. கோகிலவாணி பேசறேனுங்க.

முடிந்ததும், "ஏனுங்கம்மா, வெவரம் பத்தாதுன்னு நீங்களே சொல்லியிருக்கறீங்க. அப்புறம் நாங்க யாரப் பாத்துக் கையத் தூக்கறது?" என்றார்.

செயல் அலுவலர் புதிதாக வந்தவர், சின்ன வயது. நல்லதுக்குத்தான் சொன்னார். "மேடம், உங்ககூடப் பினாங்கு வந்த ஜெசிந்தா மேடம் அது போலின்னு பேப்பர்ல சொல்லியிருக்காங்க. உங்க குரல் இல்லைன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே சைபர் கிரைம்ல புகார் குடுத்துடலாம். எந்த போன்ல, யாரு பேசினதுன்னு கண்டுபிடிச்சிடுவாங்க."

நிருபர் ஒருவர் பேனாவைத் திறந்தார்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா வாட்சுக்குச் சாவி கொடுத்தார். அது பேட்டரி வாட்ச். அம்மா ஜன்னலைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். நிஜமாகத் திறந்தேன். அம்மா தலையை லேசாக, ஒரே ஒரு தடவை ஆட்டினாள். காய்ச்சல் நாட்களில் ஐஸ்கிரீம் கேட்டால் ஆட்டுவாளே, அந்த மாதிரி.

"என்ற குரல்தானுங்க" என்றாள். "நான்தான் பேசுனேன்."

எழுந்தாள். மடித்து வைத்த டவலை விரித்து, நாற்காலியின் முதுகில் சுருக்கமில்லாமல் போர்த்தினாள். அப்பா எழுந்து பிளாஸ்டிக் நாற்காலியை அவளுக்கு விட்டுக்கொடுத்தார். ஒருவரை ஒருவர் இடிக்காமல், மேஜையைச் சுற்றி இடம் மாறிக்கொண்டார்கள். ரொம்ப நாள் பழக்கம் தெரிந்தது.

தீர்மானம் நிறைவேறியது. சாக்கடை தூர்வாரப்படும்.

ஜூன் 17, செவ்வாய்

ஜெசிந்தா ஆன்ட்டி என் போனுக்குக் கூப்பிட்டார். "அம்மைட்ட சொல்லு மக்ளே. அவ எங்கள வித்துட்டா. இனி எனக்கு போன் விளிக்காண்டாம்னு சொல்லு."

சொல்லவில்லை. ஆனால் அம்மா பக்கத்தில்தான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என் போனில் ஸ்பீக்கர் எப்போதுமே கொஞ்சம் சத்தம்.

ஜூன் 18, புதன்

அப்பா பரோட்டா வாங்கிவந்தார். எல்லோரும் சாப்பிட்டோம்.

ஜூன் 20, வெள்ளி

கிளாசில் தமிழ் மிஸ் மாதிரி பேசச் சொல்லிக் கேட்டார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் தட்டோடு நின்றேன். தலைவர் போன் அடித்தது. அப்பா எடுத்துக் கேட்டு, போனின் வாயைக் கையால் மூடிக்கொண்டு சமையலறைக்கு வந்தார்.

"ஒன்பதாவது வார்டு. தலைவரம்மாகிட்டத்தான் பேசுவாங்களாம்."

போனை அம்மாவிடம் நீட்டினார். எதிரில் நின்று, வாயசைக்கத் தயாரானார். அம்மா திரும்பவில்லை. கல்லில் மாவைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவகிட்டயே குடுங்க. அவளுக்கு நல்லா வருது."

கோபமே இல்லை. சாம்பாருக்கு உப்பு போதும் என்பதுபோல் சொன்னாள். அப்பா கொஞ்சம் தயங்கினார். அப்புறம் போனை என் கையில் வைத்தார்.

"ஏனுங், தலைவரம்மாங்களா?" என்றது போன்.

அம்மா தோசையைத் திருப்பிப் போட்டாள்.

நான் செருமினேன்.

"அப்புறமுங்க, சொல்லுங்க."